உருளைக்கிழங்கு ஷெட்டில் ஒரு விண்கலம்

ஊட்டி பஜாரில் டிவி, மிக்ஸி, ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். வீடு முத்தோரைப் பக்கம். காலையில் பைக்கை எடுத்தால் வழியிலேயே மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கி தெரியும். சின்ன வயதிலிருந்து பார்ப்பதால் அது எனக்கு மலையோடு சேர்ந்த ஒன்றாகிவிட்டது. அதைப் பற்றி யோசித்ததே இல்லை. நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள், பக்கத்து வீட்டுப் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட அழைத்துப் போனபோது பின்னாலிருந்து கேட்டான்: "அண்ணா, இதை ஏன் சரிவுல கட்டியிருக்காங்க? சமமான இடமே கிடைக்கலையா?"

வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்ப மனசு வரவில்லை. இரண்டு நாள் படித்துவிட்டுத்தான் பதில் சொன்னேன். சரிவைத் தேடித்தான் அவர்கள் இங்கே வந்திருக்கிறார்கள். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்து, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் கட்டி, 1970-இல் இயங்கத் தொடங்கிய கருவி அது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். வடக்கு தெற்காகப் படுத்திருக்கும் அந்த மலைச்சரிவின் கோணம் ஏறத்தாழ 11 டிகிரி. முத்தோரையின் அட்சரேகையும் அதே 11 டிகிரி. இரண்டும் ஒத்துப்போவதால் கருவியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி ஒரு பக்கம் சுழல, இது எதிர்ப்பக்கம் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தால் போதும். ஒரே விண்பொருளை ஒன்பதரை மணி நேரம் நழுவவிடாமல் பின்தொடரலாம். தட்டையான நிலத்தில் இதைச் செய்ய வேண்டுமென்றால் அரை கிலோமீட்டர் நீள இரும்பைத் தூக்கிச் சாய்த்து நிறுத்த வேண்டியிருக்கும்.

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப மலையும் அதுல ஒரு பார்ட்டாண்ணா?" என்றான்.

ஆமாம். மலையும் ஒரு பார்ட். இந்த வார்த்தையை அன்றைக்கு நான் அவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் நாங்கள் சேர்ந்து கட்டிய எல்லாவற்றிலும் எங்கே தோற்றோம், எங்கே ஜெயித்தோம் என்று பார்த்தால், அந்த வார்த்தையை மறந்த இடத்தில் தோற்றிருக்கிறோம்.

ஞாயிறு மதியம் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாங்கள் ஐந்தாறு பேர் உட்காருவது வழக்கம். ஒரு தபால்காரர், ஒரு நர்ஸ் அக்கா, பிலிம் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பேர், நான். எல்லோரும் விஞ்ஞானக் கதைப் பைத்தியங்கள். என் அப்பா வார இதழ்களில் வந்த விஞ்ஞானத் தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டி பைண்டு செய்து வைத்திருந்தார். அந்தக் கட்டுகள்தான் எங்கள் நூலகம். பின் அடித்த இடத்தில் துருவேறி, பக்கத்தின் நடுவில் பழுப்பாக இரண்டு புள்ளி இருக்கும். விளம்பரத்துக்குப் பின்னால் போன அரைப் பத்தியை அப்பாவே கையால் எழுதிச் சேர்த்திருப்பார்.

நாங்கள் சண்டை போடுவது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான்: கதை ஏமாற்றுகிறதா, இல்லையா. பெரியவர் ஒரு விதி வைத்திருக்கிறார். கதைக்காரன் நம்மிடம் ஒரு பொய்யைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்; ஒளியை விட வேகமாகப் போகும் கப்பலோ, பேசும் இயந்திரமோ, ஏதோ ஒன்று. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் கணக்குப்படி நடக்க வேண்டும். நல்ல விஞ்ஞானக் கதைக்கு இதைவிடச் சரியான இலக்கணம் நான் கேட்டதில்லை.

பையனும் அவன் கூட்டாளிகளும் ஷட்டருக்கு வெளியே நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். எட்டு வயதிலிருந்து பதினாலு வரை ஏழு பேர். "கதையைப் பத்திப் பேசிட்டே இருக்கீங்களே, நாம ஒரு கப்பல் கட்டலாமா?" என்று கேட்டது அந்தக் கூட்டத்தில் இருந்த ஆறாம் வகுப்புப் பெண். அரையாண்டு விடுமுறைக்கு இரண்டு மாதம் இருந்தது.

இடம் கொடுத்தவர் எங்கள் ஊர் கவுடர் ஒருவர். முன்பு விதைக்கிழங்கு அடுக்கி வைத்த தகர ஷெட். சுவரோரம் மூன்று அடுக்கு மரச்சட்டங்கள், கிழங்குக்கு வெளிச்சமும் காற்றும் படுகிற மாதிரி இடைவெளி விட்டு அடித்தவை. அடுத்த பட்டத்துக்குக் கேரட் மூட்டை போட வேண்டும், அதுவரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அந்தச் சட்டங்களைக் கழற்றத்தான் முதலில் நினைத்தேன். குழந்தைகள் தடுத்துவிட்டார்கள். விண்கலத்தில் எல்லோரும் அடுக்கில்தான் படுப்பார்கள் என்பது அவர்கள் கட்சி. சட்டங்கள் படுக்கையாகவும், கருவி வைக்கும் தட்டாகவும், ஒயர் இழுக்கும் பாதையாகவும் ஆயின. கழற்றியிருந்தால் அதே வேலைக்குப் புதுச் சட்டம் அடிக்க வேண்டியிருந்திருக்கும்.

என் முதல் தப்பு, பழைய லேப்டாப்பைக் கொண்டுபோய் வைத்தது. திரையில் நட்சத்திரம் ஓடும், மவுஸைத் தட்டினால் கப்பல் திரும்பும். பத்து நிமிடம் பார்த்தார்கள். ஒருவன் கையில் மவுஸ், மற்ற ஆறு பேரும் அவன் தோளுக்குப் பின்னால். அதற்குப் பெயர் செல்போன் விளையாட்டு. அது அவர்களுக்கு வீட்டிலேயே இருக்கிறது. மறுநாள் லேப்டாப்பை எடுத்துவிட்டுக் கடையிலிருந்து ஒரு கோணிப்பை நிறைய சாமான் கொட்டினேன். பழைய ஸ்டெபிலைசர் மீட்டர்கள், டேப்ரிக்கார்டர் பொத்தான்கள், ஃபேன் ரெகுலேட்டர், டாகிள் சுவிட்சுகள், காலிங்பெல் சுவிட்ச், பல நிறத்தில் இண்டிகேட்டர் பல்புகள். ஏழு பேரும் தரையில் உட்கார்ந்து விட்டார்கள். டாகிள் சுவிட்சைத் தட்டினால் வருகிற "டக்" என்ற சத்தமும், விரலில் உணரும் அந்த எதிர்ப்பும் எந்தத் திரையிலும் வராது. ஆளுக்கு ஒரு பலகை, ஆளுக்கு ஒரு பதவி என்று அன்றைக்கே முடிவானது. கேப்டன், பைலட், இன்ஜினியர், ரேடியோ ஆபீசர், டாக்டர், சமையல்காரர், தோட்டக்காரர். கேட்ட அந்தப் பெண்தான் இன்ஜினியர். அந்த விடுமுறை முழுக்க நாங்கள் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

பலகை எப்படிச் செய்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

முள் மீட்டர் இல்லாமல் விண்கலம் இல்லை. ஆனால் ஸ்டெபிலைசரில் இருக்கும் 300 வோல்ட் மீட்டரை எடுத்து ஆர்டுயினோவில் (நாம் எழுதும் நிரலை ஓட்டும் குட்டி சர்க்யூட் போர்டு, 5 வோல்ட்டில் வேலை செய்வது) மாட்டினால் முள் அசையவே அசையாது. அது வீட்டு ஏசி மின்சாரத்தை அளக்கச் செய்தது; 5 வோல்ட் அதற்குக் கொசுக்கடி. எங்கள் இன்ஜினியர் ஒரு மணி நேரம் மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டு அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். இரண்டு வழி இருக்கிறது. பழைய டேப்ரிக்கார்டர், ஆம்ப்ளிபயரில் சத்தத்துக்கு ஏற்ப ஆடுமே, அந்தக் குட்டி மீட்டர் கிடைத்தால் அதுதான் சரி. அதற்கு மிகக் குறைந்த மின்னோட்டம் போதும். முழு அளவுக்கு 500 மைக்ரோஆம்பியர் கேட்கிற மீட்டர் என்றால், 5 வோல்ட்டை அதால் வகுத்தால் 10,000 ஓம். ஆக 10 கே ரெசிஸ்டர் ஒன்றை வரிசையில் போட்டு ஆர்டுயினோவின் பிடபிள்யூஎம் காலில் (மின்சாரத்தை வெகுவேகமாக விட்டு விட்டு அனுப்பிச் சராசரியைக் கூட்டிக் குறைக்கும் கால்) கொடுத்தால் முள் சொன்ன இடத்தில் நிற்கும். மீட்டரின் அளவு தெரியாவிட்டால் 47 கே-யில் ஆரம்பித்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். முதலிலேயே சின்ன ரெசிஸ்டர் போட்டால் முள் போய் ஓரத்தில் மோதி வளைந்துவிடும்.

இரண்டாவது வழி, ஸ்டெபிலைசர் மீட்டருக்கு. உள்ளே இருக்கும் சுருளைக் கழற்றிவிட்டு, முள்ளை மட்டும், சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு குட்டி சர்வோ மோட்டாரின் கையில் ஒட்டிவிடலாம். முகப்பும் கண்ணாடியும் அப்படியே இருக்கட்டும். உள்ளே ஒட்டியிருந்த வோல்ட் அட்டைக்குப் பதிலாகக் குழந்தைகள் தாங்களே வரைந்து ஒட்டினார்கள். "ஆக்சிஜன்", "எரிபொருள்", "சாம்பார் மிச்சம்". கடைசியது சமையல்காரரின் பலகை. அது சிவப்புக்குப் போனால் கேப்டன் முதல் எல்லோரும் பதறுவார்கள்.

பழைய மீட்டர்களில் ஸ்டிக்கர் கோந்து பிசுபிசுவென்று இருந்தது. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிற நீலகிரித் தைலம் இரண்டு சொட்டுப் போட்டுத் துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். ஆனால் தைலக் கையோடு தெர்மாகோலைத் தொடாதீர்கள். தைலம் தெர்மாகோலைக் கரைக்கும். தோட்டக்காரர் டிவி பெட்டித் தெர்மாகோலில் செய்த ஒரு கோள் இப்படித்தான் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியானது. அவன் அதை எரிகல் விழுந்த கோள் என்று கதையில் சேர்த்துக்கொண்டான்.

இனி ஈரம். மலையில் எலக்ட்ரானிக்ஸ் செய்கிறவனுக்கு முதல் எதிரி அதுதான் என்று ரிப்பேர்காரனான எனக்குத் தெரிந்திருந்தும், விளையாட்டுச் சாமான் தானே என்று விட்டதில் ஒரு வாரம் வீணாயிற்று. தொட்டாலே வேலை செய்யும் தொடு சென்சார்களை ஆசையாக வாங்கிப் பைலட்டின் பலகையில் பதித்திருந்தோம். கோயம்புத்தூரில் அவை அற்புதமாக வேலை செய்யும். இங்கே நவம்பர் சாயங்காலம் மேகம் ஷெட்டுக்குள் நுழைந்ததும், பலகை மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் படிந்து, யாரும் தொடாமலேயே கப்பல் இடமும் வலமுமாகத் திரும்ப ஆரம்பித்தது. சென்சாருக்கு விரலும் ஒன்றுதான், ஈரமும் ஒன்றுதான். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் காலிங்பெல் சுவிட்ச் போட்டோம். ஈரத்துக்கு அவை ஏமாறவில்லை.

சுவிட்ச் போட்ட பிறகும் ஒரு தொந்தரவு இருந்தது. ஒயர் நாலைந்து மீட்டர் போகிற இடங்களில், அழுத்தாத சுவிட்ச் அழுத்தியதாகக் காட்டியது. அழுத்தாத சுவிட்சின் ஒயரை 5 வோல்ட்டில் பிடித்து வைக்க ஆர்டுயினோவுக்குள் இருக்கும் புல்-அப் ரெசிஸ்டர் 20 கே-க்கு மேல். நீளமான ஒயரும் ஈரமும் சேர்ந்தால் அது தாங்காது. வெளியே 4.7 கே அல்லது 1 கே போட்டு 5 வோல்ட்டில் கட்டியதும் சரியானது. அதேபோல ஒரு முறை அழுத்தியது மூன்றாகப் பதிவாவது: சுவிட்சின் இரண்டு தகடும் சேரும்போது சில மில்லிசெகண்ட் துள்ளும், அந்தத் துள்ளலை ஆர்டுயினோ ஒவ்வொன்றாக எண்ணிவிடும். முதல் தொடர்பு வந்ததும் 30 மில்லிசெகண்ட் காதைப் பொத்திக்கொள் என்று நிரலில் ஒரு வரி போதும். இன்ஜினியர் இதைத் தன் குறிப்பேட்டில் "சுவிட்சுக்கும் குளிரில் நடுக்கம் உண்டு, முப்பது எண்ணும் வரை நம்பக் கூடாது" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

ஈயம் வைத்து முடித்த போர்டை அப்படியே விடாதீர்கள். ஈயம் ஒட்டத் தடவுகிற ஃபிளக்ஸின் மிச்சம் ஈரத்தை இழுக்கும், பிறகு பச்சை பூக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுப் பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்ததும் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு பூச்சு. ஈயம் வைத்த பக்கம் மட்டும். கனெக்டருக்குள்ளும், திருகுகிற வால்யூம் கண்ட்ரோலுக்குள்ளும் ஒரு சொட்டுப் போனாலும் அந்தப் பாகத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஒயரைச் செருகிச் செருகிப் பழகுகிற பிரெட்போர்டு கற்றுக்கொள்ள நல்லது. ஆனால் மலையில் இரண்டு மாதம் அதில் விட்டு வைக்காதீர்கள். தொடர்புகள் கறுத்து, எங்கே விட்டுப்போகிறது என்று தேடியே மாளாது.

மின்சாரத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று: குழந்தைகள் கை படும் இடத்தில் 230 வோல்ட் இருக்கவே கூடாது. எல்லாமே 12 வோல்ட் யுபிஎஸ் பேட்டரியில். ஆனால் 12 வோல்ட்தானே என்று அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. ஷாக் அடிக்காது, தீப்பிடிக்கும். டாக்டரின் பலகைக்குப் போகிற ஒயர் இரண்டு உரசி ஒரு நாள் புகை வந்தது. இன்சுலேஷன் உருகிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டது. பேட்டரிக்குப் பக்கத்தில் பியூஸ் போடாமல் பலகைக்குப் பக்கத்தில் போட்டிருந்தேன். ஒயர் உரசியது இரண்டுக்கும் நடுவில். பியூஸ் எப்போதும் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் எல்லாப் பெற்றோரையும் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, மாற்றியதையும் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஷெட்டைத் திறந்தேன்.

வயர்லெஸ் போடலாமே என்று கல்லூரிப் பையன்கள் கேட்டார்கள். கடையில் கிடைக்கும் மலிவான ரிமோட் மாட்யூல்கள் 315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸில் ஓடும். நம் பக்கத்து மலையில் படுத்திருப்பவர் காது வைத்திருப்பது 326.5 மெகாஹெர்ட்ஸில். எத்தனையோ கோடி ஒளியாண்டு தாண்டி வருகிற முணுமுணுப்பைக் கேட்கிறவர் வீட்டுப் பக்கத்தில் நாம் ஏன் விசில் ஊத வேண்டும்? ஒயரே போதும் என்றேன். கேப்டன் அதைக் கப்பலின் சட்டமாக எழுதி ஒட்டிவிட்டான்: "மௌன மண்டலம். ரேடியோ அனுப்பத் தடை. கேட்க மட்டும் அனுமதி."

பாட்டில் ராக்கெட் விட வேண்டும் என்பதும் அவர்கள் ஆசை. வீடியோக்களில் எல்லாம் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் செய்கிறார்கள். எங்கள் மாவட்டத்தில் அந்த பாட்டில்களுக்குத் தடை. வெளியூரிலிருந்து நாலு பாட்டில் கொண்டுவரச் சொல்வது பெரிய காரியமில்லை, ஆனால் நான் சொல்லவில்லை. கப்பல் ஷெட்டிலேயே இருக்கட்டும், நாம் போகிற மாதிரி நினைத்துக்கொள்வோம் என்று அவர்களே முடிவு செய்தார்கள்.

எங்கே போவது? பெரியவரின் விதிப்படி ஒரு பொய்யைக் கேட்டு வாங்கினார்கள்: கிழங்கு ஷெட் நிலாவுக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் எல்லாம் கணக்குப்படி. நிலா சராசரியாக 3,84,400 கிலோமீட்டர். ஒளியும் ரேடியோ அலையும் ஒரு செகண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர். அப்படியானால் இங்கே பேசுவது அங்கே போய்ச் சேர 1.28 செகண்ட், பதில் வர இன்னொரு 1.28. அந்தத் தாமதம் இல்லாமல் பேசினால் கதை ஏமாற்றுகிறது என்று அர்த்தம். ஒதுக்கிவைத்த லேப்டாப் அப்போது உதவிக்கு வந்தது. இன்னொரு பழைய லேப்டாப்பையும் சேர்த்து, ஒன்று போகிற குரலுக்கு, ஒன்று வருகிற குரலுக்கு. மைக்கில் வாங்கி 1.28 செகண்ட் பிடித்துவைத்து ஹெட்போனுக்கு அனுப்புவது மட்டும்தான் வேலை. இலவசமாகக் கிடைக்கும் ஆடியோ மென்பொருளிலேயே இது நடக்கும். ஸ்பீக்கர் வைக்காதீர்கள். குரல் மைக்குக்குள் திரும்பப் போய்ச் சுற்றிச் சுற்றி வரும். இரண்டு முனையிலும் ஹெட்போன் வேண்டும்.

பூமி நிலையத்துக்கு யார்? ஷெட்டிலிருந்து இருபது மீட்டரில் ரேடியோ ஆபீசரின் வீடு. பாட்டி திண்ணையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு எப்போதும் இருப்பார். தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். பழைய டெலிபோன் ஒயரை இழுத்து, அவர் குல்லாய்க்கு மேல் ஹெட்போனை மாட்டினோம். முதல் பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"பூமி, பூமி, நிலாவுல இருந்து பேசறோம். கேக்குதா? ஓவர்."

ஷெட்டுக்குள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. ரேடியோ ஆபீசர் பொறுக்க மாட்டாமல், "பாட்டி, கேக்குதா?" என்று மறுபடி சொல்ல வாயெடுக்கும்போது குரல் வந்தது.

"கேக்குது கண்ணு. சாப்பிட்டீங்களா? ஓவர்."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசி, குரல் குரலோடு மோதி, எல்லோரும் குழம்புவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். குழந்தைகளுக்கு அது நடந்தது. பாட்டிக்கு நடக்கவில்லை. ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்து, ஊசியில் இரண்டு கண்ணி பின்னி, பதிலுக்குக் காத்திருந்து, அப்புறம் அடுத்த வாக்கியம். எப்படிப் பாட்டி என்று கேட்டேன். "உங்க மாமா சவுதியில இருந்து போன் பண்ணுவான்ல, அப்பல்லாம் இப்படித்தான். நான் சொன்னது அவனுக்குப் போய்ச் சேர நேரமாகும். அவசரப்பட்டா ரெண்டு பேர் பேச்சும் கெட்டுப்போகும். நிமிஷத்துக்குக் காசு வேற" என்றார். அந்தக் கால சாட்டிலைட் அழைப்புகள் பூமிக்கு மேலே 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கி வரும். போக கால் செகண்ட், வர கால் செகண்ட். எங்களில் யாருக்கும் இல்லாத விண்வெளிப் பேச்சுப் பழக்கம் பாட்டிக்கு ஏற்கெனவே இருந்தது. அன்றிலிருந்து அவர்தான் ரேடியோ பயிற்சி ஆசிரியர்.

எங்கள் கடைக் கூட்டத்துப் பெரியவர் ஒரு நாள் வந்து, முத்தோரைத் தொலைநோக்கிக்கும் நிலாவுக்கும் உள்ள உறவைக் குழந்தைகளுக்குச் சொன்னார். தூரத்து ரேடியோ மூலங்களுக்கு முன்னால் நிலா கடந்துபோகும். அது மறைக்கிற நொடியையும் விடுகிற நொடியையும் துல்லியமாகக் குறித்தால் அந்த மூலம் எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று கணக்கிடலாம். ஆரம்பத்தில் அந்தக் கருவியைக் கட்டியதே இதற்காகத்தான். நிலா ஒரு மறைப்பு, அந்த மறைப்பையே அளவுகோலாக்கியிருக்கிறார்கள் என்று அவர் சொன்னபோது கேப்டன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "நிலாவும் பார்ட்டாண்ணா?" என்றான்.

டிசம்பர் கடைசி வாரம், கதையின் முக்கியமான நாள். நிலாவில் யாரையோ சந்திக்க வேண்டும். அட்டையில் ஒரு வேற்றுக்கிரகவாசி செய்து வைத்திருந்தோம். ஈரத்தில் அதன் கழுத்து தொய்ந்து தலை மார்பில் சாய்ந்துவிட்டது. எம்-சீல் வைத்தேன், ஈர்க்குச்சி கட்டினேன், நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்தரைக்கு மேகம் இறங்கியது. ஷெட் வாசலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை, வெள்ளைச் சுவர் மாதிரி. அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போய் இருட்டியது. நான் ஷெட்டின் பின்கோடியிலிருந்து டார்ச்சை எடுத்து அடித்தேன். கேப்டன் வாசல்படியில் நின்றுகொண்டிருந்தான்.

டாக்டர்தான் முதலில் கத்தினாள். வெளியே மேகத்துக்குள் ஓர் உருவம் நின்றது. ஷெட்டைவிட உயரம். கால்கள் எங்களை நோக்கிக் குறுகி வந்து, உடம்பு பின்னால் ஆழத்துக்குள் நீண்டு போயிற்று. சுவரில் விழுகிற நிழல் தட்டையாக இருக்கும். இது கன அளவோடு, கையை விட்டால் உள்ளே போகும் போல இருந்தது. கேப்டன் பயந்து கையைத் தூக்கினான். அதுவும் தூக்கியது. மெதுவாகக் கையை ஆட்டினான். அதுவும் ஆட்டியது. யாரும் பேசவில்லை. இருபது மீட்டர் தள்ளிப் பாட்டி ஹெட்போனில், "என்னாச்சு, ஏன் சத்தமே காணோம்? ஓவர்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இதில் பாதி தெரியும். பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், அதனால் டிம் பண்ணுவார்கள். ஒவ்வொரு நீர்த்துளியும் ஒளியைச் சிதறடிக்கிறது. நடுவில் ஆள் நின்றால் அவர் மறைத்த இடம் மட்டும் இருட்டுச் சுரங்கமாக மேகத்துக்குள் நீள்கிறது. மலையுச்சியில் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க, கீழே மேகத்தில் தன் நிழலே பூதாகரமாகத் தெரிவதற்கு ஜெர்மனியின் பிராக்கன் மலையின் பெயரில் பிராக்கன் பூதம் என்று சொல்வார்கள். கொடைக்கானலில் கோக்கர்ஸ் வாக்குக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும்.

அட்டை உருவத்தை அன்றே அடுப்புக்குக் கொடுத்துவிட்டோம். மூன்று நாள் டார்ச்சை மாற்றி மாற்றிப் பார்த்தோம். நிறைய எல்இடி வைத்த எமர்ஜென்சி விளக்கு உதவாது. ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு நிழல் விழுந்து எல்லாம் கலங்கிப்போகும். ஒற்றை எல்இடி டார்ச்தான் வேண்டும். முன்னால் இருக்கும் குவிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் நிழலின் ஓரம் இன்னும் கூர்மையாகும். ஆள் விளக்குக்குப் பக்கத்தில் வர வர உருவம் வளரும். பார்க்கிறவர்கள் விளக்கின் பக்கத்திலேயே உட்கார வேண்டும், ஓரமாகப் போனால் உருவம் சிதைந்துவிடும். லேசர் பாயிண்டர் பார்க்க அழகாக இருக்கும் என்று ஒருவர் கொண்டுவந்தார். சந்தையில் கிடைக்கும் மலிவானவை மேலே ஒட்டியிருக்கும் அளவைவிட அதிக சக்தியோடு இருப்பதுண்டு, குழந்தைகளின் கண் இருக்கிற இடத்தில் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு மாதமாக ஈரத்தோடு சண்டை போட்டு, துடைத்து, பூசி, மூடி வைத்தோமே, அந்த ஈரம்தான் எங்கள் கதைக்கு அதன் மிகச் சிறந்த பாத்திரத்தைக் கொடுத்தது. மேகம் வராத நாளில் வேற்றுக்கிரகவாசி வரமாட்டார் என்பது கதைக்குள் ஒரு விதியாகிவிட்டது. தினமும் நாலு மணிக்குத் தோட்டக்காரர் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை கொடுப்பான். அப்படிப் பார்க்கப்போய்த்தான் எங்கள் ஊரில் மேகம் எந்தப் பக்கத்திலிருந்து ஏறுகிறது, எந்தக் காற்றுக்கு நிற்காது என்பதெல்லாம் எனக்கே தெரிந்தது.

பொங்கலுக்கு முன் கவுடருக்கு ஷெட் வேண்டியிருந்தது. கடைசி நாள் ஊரையே கூப்பிட்டோம். பதினாலு நிமிட விளையாட்டு. இரண்டு தடவை நடத்தினோம். இரண்டாவது தடவை மேகம் கலைந்துவிட்டது, உருவம் வரவில்லை. கேப்டன் தடுமாறவே இல்லை: "அவங்க இன்னைக்கு லீவு" என்று சொல்லிக் கப்பலைத் திருப்பினான். மொத்தச் செலவு 3,400 ரூபாய். அதில் பாதி பிளைவுட்டுக்கும் பேட்டரிக்கும். வாங்கி வீணானது அந்தத் தொடு சென்சார்கள் மட்டும்.

பலகைகள் இப்போது என் கடைப் பரணில், கோணிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இருக்கின்றன. மாதம் ஒரு முறை பேட்டரியைச் சார்ஜில் போடுகிறேன். உறைபனிக் காலத்தில் லித்தியம் பேட்டரி வைத்திருக்கிறவர்கள் கவனம். பூஜ்ஜியத்துக்குக் கீழே போன ராத்திரியில் அதைச் சார்ஜ் போட்டால் உள்ளே கெட்டுவிடும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு ஏறிய பிறகு போடுங்கள்.

அடுத்த பயணத்துக்குப் பொய்யைக் கேட்டு வாங்கியாகிவிட்டது. இந்தத் தடவை செவ்வாய். மிகப் பக்கத்தில் வரும்போதே குரல் போய்ச் சேர மூன்று நிமிடம். தூரத்தில் இருக்கும்போது 22 நிமிடம். இன்ஜினியர் போன ஞாயிற்றுக்கிழமை பாட்டியிடம் போய் இதை விளக்கிச் சொல்லி, இவ்வளவு நேரம் காத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள்.

"அப்ப அது போன் இல்ல, கடுதாசி" என்றாராம் பாட்டி. "நலம், நலமறிய ஆவல்னு ஆரம்பிக்கணும். ஒரே மூச்சுல எல்லாத்தையும் சொல்லிடணும். நாளைக்கு வா, எழுதிப் பழகலாம்."